கப்பலுக்குப் பங்கு கேட்டு நடந்த வக்கீல்

சென்ற ஆண்டு ரமலான் முடிந்த கையோடு நம் மஹல்லாவில் ஒரு மாலை வகுப்பு தொடங்கினோம். பத்தாம் வகுப்பில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தடுமாறுகிற பிள்ளைகளுக்கான வகுப்பு அது. மதரஸாவின் மாடி அறை, ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு ஆசிரியைகள், 26 பிள்ளைகள். ஆசிரியைகளின் ஊதியத்தில் பெரும்பகுதியை வளைகுடாவில் வேலை பார்த்த ஒரே ஒரு சகோதரர் ஏற்றுக்கொண்டார். ஏழாம் மாதம் அவருடைய வேலை போயிற்று. எட்டாம் மாதம் வகுப்பு நின்றது. ஜனவரியில் நின்ற வகுப்பு. பிள்ளைகளுக்கு மார்ச்சில் பரீட்சை.

அன்று இஷாவுக்குப் பிறகு கூடிப் பேசினோம். பெரிய கம்பெனி எதையாவது பிடிக்கலாம் என்றார் ஒருவர். வெளிநாட்டு அறக்கட்டளைக்கு எழுதலாம் என்றார் இன்னொருவர். ஜக்காத்தில் எடுக்கலாமா என்று நம்மைப் பார்த்துக் கேட்டார் மூன்றாமவர். எதுவும் முடிவாகாமல் கலைந்தோம். வீடு திரும்பும் வழியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கும்போது ஒரு பழைய எண்ணம் வந்தது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் இந்தப் பாலம் 1843இல் கட்டி முடிக்கப்பட்டது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. ஊராரிடம் வசூல் செய்யும் பொறுப்புத்தான் முதலில் அவருக்கு வந்தது, கைநீட்டக் கூச்சப்பட்டு முழுச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார் என்பது நெல்லையில் வழங்கி வரும் செய்தி. பொதுக் காரியத்துக்குப் பணம் கிடைப்பதில் இது ஒரு வகை. ஒருவர் வருவார், முழுதும் தருவார், காரியம் முடிந்துவிடும். நாமும் மனத்துக்குள் இப்படி ஒருவரைத்தான் எதிர்பார்த்துக் கொண்டிருந்தோம்.

கைநீட்டக் கூச்சப்படாத ஒருவரின் பெயரும் இதே ஊரில் தினமும் நம் கண்ணில் படுகிறது. பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானம், திருநெல்வேலி டவுனில் வ.உ.சி. மணிமண்டபம், தூத்துக்குடியில் 2011 முதல் அவர் பெயர் தாங்கிய துறைமுகம். கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கப்பலுக்கான பணம் எங்கிருந்து வந்தது, யார் யாரிடம் எப்படிக் கேட்டார், கேட்டவருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்ற பக்கத்தைப் பாடப்புத்தகம் புரட்டுவதில்லை. அந்தப் பக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஓட்டப்பிடாரத்து வக்கீல்

வ.உ. சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். அன்று அது திருநெல்வேலி ஜில்லா. தந்தை உலகநாத பிள்ளை வக்கீல், தாய் பரமாயி அம்மாள். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் படித்தார். தாலுகா அலுவலகத்தில் சில காலம் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு திருச்சியில் சட்டம் படித்துத் தேறி, சொந்த ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஏழைகளின் குற்ற வழக்குகளை எடுத்து வாதாடியதில் போலீஸாரின் பகை வந்தது. 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

துறைமுக நகரம் அவரை மாற்றியது. வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் நாடெங்கும் எழுந்த காலம். தூத்துக்குடியில் சுதேசிப் பிரசார சபை, தர்ம சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டக சாலை என்று அவர் கையால் சிறுசிறு அமைப்புகள் உருவாயின. உள்ளூர் மக்கள் உள்ளூர்ப் பணத்தில் நடத்திய சிறிய முயற்சிகள் இவை. வரலாற்று நூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடுகிற பெயர்கள்தான். நமக்கு இவை முக்கியமாகப் படுகின்றன. பத்து லட்சம் கேட்கப் போவதற்கு முன் பத்துப் பேரிடம் சிறு தொகை வாங்கி ஒழுங்காக நடத்திக் காட்டியிருந்தார். நெசவுச் சாலையை வைத்து நடத்திய ஆள் என்பதால்தான் கப்பல் என்று அவர் சொன்னபோது வணிகர்கள் சிரிக்காமல் கேட்டார்கள் என்பது நம் கணிப்பு.

40,000 பங்குகள்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அன்று பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல்களே ஓடின. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்களும் சரக்கு அனுப்பும் வணிகர்களும் அந்தக் கப்பலையே நம்பியிருந்தனர். கட்டணம் அவர்கள் வைத்ததுதான். காயல்பட்டினத்திலிருந்து கொழும்புக்குப் போய் வியாபாரம் செய்த நம் முன்னோர்களும் அந்தப் படிகளில்தான் ஏறி இறங்கினார்கள்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசியர் மட்டுமே பங்குதாரராகலாம் என்பது விதி. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் செயலாளர். வ.உ.சி. உதவிச் செயலாளர். சட்ட ஆலோசகர்களில் சேலம் விஜயராகவாச்சாரியாரும் ஒருவர்.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். திட்டத்தை எண்ணியவரும் அலைந்தவரும் வ.உ.சி. அவர் அமர்ந்ததோ மூன்றாவது நாற்காலியில். தலைமை நாற்காலியில் ஜமீன்களும் தமிழறிஞர்களும் மதித்த பெயர். செயலாளர் நாற்காலியில் கடைத்தெரு நம்பிய பெயர். பணம் போடுகிறவன் முதலில் பார்ப்பது யார் பெயரில் ரசீது வருகிறது என்பதைத்தான் என்று அந்த வக்கீலுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊர்களில் நேர்மாறாக நடப்பதைப் பார்க்கிறோம். ஒரு சிறிய சங்கம் தொடங்குகிறோம், அதற்கு யார் தலைவர் என்பதிலேயே முதல் ஆறு மாதம் போய்விடுகிறது.

பங்கின் விலையையும் கவனிக்க வேண்டும். 25 ரூபாய் அன்று சிறிய தொகையல்ல. ஆனாலும் ஒரு நடுத்தர வணிகர் மனது வைத்தால் எட்டக்கூடியது. ஊர் ஊராகச் சென்று பங்கு விற்றார் வ.உ.சி. பாரதியார் தம் இந்தியா பத்திரிகையில் கம்பெனிக்கு ஆதரவு தேடி எழுதினார்.

இத்தனை முயற்சிக்கும் நடுவே ஒரே ஒருவர் 8,000 பங்குகளை வாங்கினார். இரண்டு லட்சம் ரூபாய், மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவர்தான் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். நம் மேடைகளில் சுதந்திரப் போராட்டத்தில் முஸ்லிம்களின் பங்கைப் பேசும்போது இந்தப் பெயர் உரத்துச் சொல்லப்படுகிறது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் பெருமை பேசுவதோடு நின்றுவிட்டால், அவர் ஏன் தந்தார் என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுவோம். அந்தக் கம்பெனி ஓடினால் தூத்துக்குடி வணிகம் மூச்சுவிடும் என்று கண்ட வணிகர் அவர். இரக்கப்பட்டுத் தந்த பணமாக அது தெரியவில்லை. தம் ஊரின் துன்பம் தமது துன்பமாக இருந்ததால் தந்தார். தேசப்பற்றும் அதில் கலந்திருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. வ.உ.சி. தேடிப் போனதும் பணம் உள்ளவரை அல்ல, அந்தத் துன்பம் உள்ளவரை. நம் மாலை வகுப்புக்கு நாம் எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தோம். வசதியானவர்கள் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு எழுதியிருந்தோம். பிள்ளைகளின் தகப்பன்மார்களுக்கு, ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு, பீடி சுற்றும் வீடுகளுக்கு ஒரு கடிதமும் போகவில்லை. அவர்களால் முடியாது என்று நாமாகவே முடிவு செய்துவிட்டிருந்தோம்.

பம்பாய்ப் பயணம்

கம்பெனியிடம் முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷாலைன் ஸ்டீமர்ஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக் கம்பெனி நெருக்கடி கொடுத்தது, ஷாலைன் கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பங்குதாரர் நம்பிக்கை ஆட்டம் காணும் தருணம் அது. போக்குவரத்து ஒரு வாரம் நின்றாலும் விற்ற பங்குக்குப் பதில் சொல்ல முடியாது. வ.உ.சி. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டத்தை நிற்காமல் பார்த்துக்கொண்டார். வாடகைக் கப்பலை நம்பி இனி முடியாது, சொந்தக் கப்பல் வேண்டும் என்று முடிவாயிற்று. கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சபதம் செய்து அவர் வடக்கே புறப்பட்டதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். மார்க்கம் கற்ற நமக்கு இத்தகைய சபதத்தில் உடன்பாடு கிடையாது. ஆனால் அடுத்தவர் பணத்தைக் கையில் வாங்கிய ஒருவருக்குத் தூக்கம் வராது என்பது புரிகிறது.

பம்பாயில் திலகர் துணை நின்றார். 1907இல் காலியா, லாவோ என்ற இரு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் போகலாம். தூத்துக்குடிக் கரையில் ஜனத்திரள்.

பிறகு நடந்தது கட்டணப் போர். வெள்ளைக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அவர்கள் இலவசப் பயணம் என்று அறிவித்து, கையில் ஒரு குடையையும் கொடுத்தார்கள். இங்கே நமக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறோம். பெரும்பணம் பின்னால் இருப்பவனோடு விலைக் குறைப்புப் போட்டிக்கு இறங்கியது, பங்குதாரர் பணத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் கொட்டியது போலத்தான். எதிராளி ஓராண்டு நஷ்டம் தாங்குவான், நம்மால் ஒரு மாதம் தாங்க முடியாது. கப்பலுக்கென்று திரட்டியவர்கள், கப்பல் ஓடத் தொடங்கிய பின் வரும் நஷ்டத்துக்கென்று தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்வது எளிது. 1907இல் தூத்துக்குடிக் கரையில் நின்று சொல்லியிருப்போமா என்பது வேறு.

தாமிரபரணிக் கரையில்

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வ.உ.சி.யின் பாதை கடைத்தெருவிலிருந்து ஆலைவாசலுக்குத் திரும்பியது. பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கோரிக்கை. சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் தலைமை தாங்கினர். கூலி நின்றுபோன வீடுகளுக்கு அடுப்பெரிய வேண்டுமே. அதற்காகவும் ஊராரிடம் கைநீட்டினார். வேறு இடங்களில் சிலருக்கு வேலை தேடிக் கொடுத்தார். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. இலாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லித் திரட்டிய பணம் கப்பலுக்குப் போயிற்று. எதுவும் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தே மக்கள் தந்த பணம் இந்த அடுப்புகளுக்குப் போயிற்று. இரண்டையும் அதே மனிதர்தான் கேட்டார்.

திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில், தைப்பூச மண்டபத்தருகே கூட்டங்கள் நடந்தன. மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் ஊர் கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் தெருவுக்கு வந்தனர், அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். ஊரார் மீது தண்டப் போலீஸ் வரி விதிக்கப்பட்டது. ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்து நாற்பதாண்டு நாடு கடத்தல். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். பிறகு கண்ணனூர்ச் சிறை.

அவர் உள்ளே போனதும் கம்பெனி தள்ளாடியது. அரசின் கண் பட்ட இடத்தில் பணம் போட்டவர்களுக்கு அச்சம் வருவது இயல்பு. அவர்களைக் கோழைகள் என்று எழுதுவோரும் உண்டு, நாம் அப்படி எழுத மாட்டோம். குடும்பத்தையும் கடையையும் வைத்துக்கொண்டு கலெக்டரோடு மோத எல்லோராலும் முடியாது. அதைவிட நம்மை உறுத்துவது வேறு. பங்கு விற்றவர், கப்பல் வாங்கியவர், தொழிலாளர் பக்கம் நின்றவர், மேடையில் பேசியவர் எல்லாம் ஒரே ஆள். அந்த ஆளைத் தூக்கிச் சிறையில் வைத்ததும் கம்பெனியின் முதுகெலும்பு போய்விட்டது. 1911இல் கணக்கை முடித்துக் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பல்களை விற்றார்கள். சிறையில் இருந்தவருக்குச் செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது.

347 ரூபாய் 12 அணா

1912 டிசம்பரில் விடுதலை. சிறைவாசலில் காத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. மனைவி மீனாட்சி அம்மாளோடும் பிள்ளைகளோடும் சென்னையில் குடியிருந்தார். சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. இரண்டு கப்பல்களுக்குப் பணம் திரட்டியவரின் வீட்டில் அரிசிக்குக் கஷ்டம்.

இந்த இடத்தில்தான் நம்மை மிகவும் யோசிக்க வைத்த நிகழ்ச்சி வருகிறது. வ.உ.சி. சிறையில் வாடிய நாட்களில் தென்னாப்பிரிக்காவில் குடியேறியிருந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் சேர்த்தார்கள். அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் நிறைந்த சமூகம் அது. சேர்த்த தொகையை அப்போது அங்கிருந்த காந்தியிடம் ஒப்படைத்தார்கள். காந்தி 1915இல் இந்தியா திரும்பினார், சென்னைக்கும் வந்தார், இருவரும் சந்தித்தனர். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இருவரிடையே கடிதங்கள் போய்வந்தன. பல ஆண்டுகளுக்கு முன், வேறு கண்டத்தில், பல போராட்டங்களின் நடுவே கைமாறிய தொகை. கணக்கு விவரம் காந்தியின் கையில் உடனே இல்லை. யார் தந்தது, எவ்வளவு, போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டியிருந்தது. வ.உ.சி. தம் நிலையை மறைக்கவில்லை. இன்றைய நிலையில் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாதவராக இருப்பதை மரியாதையோடு எழுதினார். 1916இன் தொடக்கத்தில் தொகை வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடியெடுத்து இதே தொகையைத் தலைப்பில் வைத்து ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

யார் மீதும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இருவருமே பணத்தின் முன் கை சுத்தமானவர்கள். அப்படிப்பட்ட இருவருக்கு நடுவிலேயே ஒரு அமானத் தொகை போய்ச் சேர இவ்வளவு காலம் பிடித்தது என்றால், கூட்டத்தில் துண்டை விரித்து வசூலித்து, எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போகும் நம் பழக்கத்தை என்னவென்று சொல்வது? தந்தவர் பெயர், தொகை, நோக்கம் மூன்றையும் அன்றே எழுதி வைக்காத பணம், தந்தவருக்கும் பெற வேண்டியவருக்கும் நடுவில் எங்கோ தங்கிவிடுகிறது. அந்த அணாக்களைப் பாருங்கள். 347 என்று முழுசாக்காமல் 12 அணாவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் பணம் கேட்போருக்கு ஒரு வார்த்தை. அன்று கடல் கடந்து பணம் வரக் கடிதமும் நாணயமும் போதுமாக இருந்தன. இன்று சட்டம் உண்டு. இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நிதி ஆகாது. அதே சகோதரர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், அல்லது அங்குள்ள ஓர் அமைப்பு அனுப்பினால், எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பெரிய கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதியும் அப்படித்தான். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் 12ஏ, 80ஜி பதிவுகளும் சி.எஸ்.ஆர். பதிவும் தணிக்கை செய்த கணக்கும் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. மாடி அறை வகுப்புக்கு அது முதல் கதவல்ல. ஜக்காத்தைப் பொறுத்தவரை, பெறத் தகுந்தோர் எட்டு வகையினர் என்பது குர்ஆனில் தெளிவாக இருக்கிறது. ஏழை மாணவரின் கையில் அதைக் கொடுக்கலாம். ஆசிரியையின் ஊதியமாகவோ கட்டடமாகவோ ஆக்குவதைப் பெரும்பாலான ஆலிம்கள் ஏற்பதில்லை. அதற்கு ஸதகா இருக்கிறது, மாதச் சந்தா இருக்கிறது, நம் பாட்டிமார் மதரஸாவுக்காகப் பானையில் எடுத்துவைத்த பிடி அரிசி இருந்தது.

கடைசி ஆண்டுகள்

சென்னையில் இருந்த காலத்தில் வ.உ.சி. கைவிடாத ஒன்று தமிழ். 1914இல் மெய்யறம். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையை வெளிக்கொணர உழைத்தார். சோற்றுக்கே கஷ்டப்படும் வீட்டிலிருந்து இத்தனை நூல்கள் அச்சேறின என்றால் அவற்றின் பின்னால் நண்பர்கள் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்த வேதியப் பிள்ளை அவர்களில் ஒருவர். முகம் பார்க்காத தூரத்திலிருந்து அந்தக் குடும்பத்தைத் தாங்கினார். தம் மகளுக்கு வேதவல்லி என்று பெயர் வைத்து நன்றியைக் காட்டினார் வ.உ.சி. சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர். கடன் பட்ட நெஞ்சம் அப்படித்தான் பதிவு செய்து வைத்தது.

சன்னது கிடைத்தபின் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். 1930களில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18ஆம் நாள் அங்கே இறந்தார்.

இறப்பதற்கு முன் அவர் எழுதி வைத்த உயிலில் கடைக் கடன்களின் பட்டியல் இருக்கிறது. ஜவுளிக் கடை பாக்கி, எண்ணெய்க் கடை பாக்கி என்று இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும் என்று கணக்காக எழுதியிருக்கிறார். ஜனாஸா தொழுகைக்கு முன் மையித்தின் கடனைப் பற்றிக் கேட்கும் மரபில் வளர்ந்த நாம் அந்தப் பட்டியலைக் கடந்து போக முடியவில்லை. எண்ணெய்க் கடைக்குத் தர வேண்டியதை மறக்காமல் எழுதிய கைதான் லட்சங்களுக்குக் கணக்கு வைத்தது.

கூடவே இன்னொன்றும் தோன்றியது. கப்பலுக்குப் பணம் தந்தார்கள், வேலைநிறுத்தத்துக்குத் தந்தார்கள், புத்தகத்துக்கும் தந்தார்கள். அலைந்தவரின் வீட்டு அடுப்புக்கு என்று ஒரு வரியை அந்தக் கணக்குகளில் யாரும் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு எங்கோ டர்பனில் கூலி வேலை செய்தவர்கள்தான் அதை நினைத்துப் பார்த்தார்கள். நம் வகுப்புக்கும் பலகை வாங்கித் தர மூன்று பேர் முன்வந்தார்கள், மின்விசிறியில் தம் வாப்பா பெயரை எழுதச் சொல்லி ஒருவர் வந்தார். ஆசிரியையின் மாத ஊதியத்துக்கு என்றதும் எல்லோரும் யோசித்தார்கள். அந்த இரண்டு பெண்களில் ஒருவர் கடைசி ஒன்றரை மாதம் ஊதியமே இல்லாமல் வந்து பாடம் நடத்தியிருக்கிறார். அது நமக்குப் பின்னால்தான் தெரிய வந்தது, நம்முடைய கணக்குப் புத்தகத்தில் இல்லவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் புதிய நோட்டு போட்டோம். முதல் பக்கத்தில் ஆசிரியைகளுக்குத் தர வேண்டிய பாக்கி. அதற்கடுத்த பக்கங்களில் மாதம் நூறு ரூபாய்ச் சந்தா, ஒரு வீட்டுக்கு ஒரு வரி. பிள்ளைகளின் வீடுகளுக்குத்தான் முதலில் போனோம். 26 வீட்டில் 19 வீடு எழுதிக்கொண்டது. பீடி சுற்றும் ஓர் உம்மா நூறு முடியாது, ஐம்பது எழுதிக்கொள்ளுங்கள் என்றார், எழுதிக்கொண்டோம். வளைகுடா சகோதரருக்கு வேறு வேலை கிடைத்து அவரும் சேர்ந்துகொண்டார், எல்லோரையும் போல நூறு ரூபாய்க்கு. மீதித் தேவைக்குத் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறோம். நோட்டு மாதத்தின் முதல் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியின் அறிவிப்புப் பலகைக்குக் கீழே விரித்து வைக்கப்படுகிறது. சென்ற மாதம் அதைப் பார்த்த ஒரு பையன், கூட்டுத்தொகையில் நாலு ரூபாய் உதைக்கிறது என்று வந்து சொன்னான். பார்த்தோம், அவன் சொன்னதுதான் சரி.